சல்வா சாலையில் செவலை

அல் கூஸ், துபாய்
12-8-2001

அன்புள்ள மாப்பிள்ளை விஜயபாஸ்கருக்கு, நாகலிங்கம் எழுதுவது. இங்கு நான் நலம். தம்மாமில் உங்கள் உடல்நலத்துக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இல்லை என்று நம்புகிறேன். ஊரில் தங்கச்சி சங்கீதாவும் ராதிகாக் குட்டியும் சுகம். பால்வாடிக்குப் போக வேண்டும் என்று அழுகிறாளாம் உங்கள் மகள். கொண்டுபோய் விட்டால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாளாம். அப்படியே நம்மைப் போல.

உங்கள் கம்பெனி போனுக்கு இரண்டு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. சேதி பெரிசு என்பதால் எழுதுகிறேன். நம் அரபி முதலாளி, அதான் அர்பாப், இந்த முறை நோன்புப் பெருநாள் முடிந்து சவூதிக்கு வேட்டைக்குக் கிளம்புகிறார். விமானம் இல்லை, ரோடு வழி. நாலு வண்டி, இரண்டு ராஜாளி, கூட நம் நாய் செவலை. செவலை போகிறாள் என்றால் நானும் போகிறேன் என்றுதான் அர்த்தம். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பிழைச்சா பிழைக்கட்டும்" என்று அர்பாப் கராஜில் போட்டுவிட்டுப் போன நோஞ்சான் குட்டியை நீங்களும் நானும்தானே பால்பவுடர் கரைத்துத் துணியில் நனைத்து ஊட்டினோம். அப்போது பேசிய பாஷைதான் இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரிந்த பாஷை. அரபியில் எத்தனை கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். அர்பாப் இப்போது நல்ல தமிழில் "புடி", "விடு", "வா" என்கிறார். மற்ற அரபிகள் சிரிக்கிறார்கள். அவர் கவலைப்படுவதில்லை, முயல் அவர் வீட்டுக்குத்தானே வருகிறது.

வழி எது தெரியுமா? கொய்ஃபாத் எல்லை தாண்டி, சல்வா, அப்புறம் ஹொஃபூஃப். ஹொஃபூஃபிலிருந்து தம்மாம் எவ்வளவு தூரம்? நீங்கள் இங்கிருந்து போய் மூன்று வருஷம் ஆகிறது. லீவில் நான் ஊருக்குப் போனால் நீங்கள் வருவதில்லை. ரோட்டோரத்தில் நின்றாவது ஒரு டீ குடித்துவிடலாம், மாப்பிள்ளை. யோசித்து எழுதுங்கள்.

அன்புடன்,
நாகலிங்கம்


தம்மாம்
2-9-2001

அன்புள்ள மச்சானுக்கு பாஸ்கர் வணக்கம். ஆண்டவன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? கராஜ் குழிக்குள் அதிக நேரம் நிற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஷார்ஜாவில் நாம் இருந்த ரோலா ரூம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை செவலையைக் கராஜில் தனியே விட மனசில்லாமல் பைக்குள் வைத்து ஷார்ஜா பஸ்ஸில் கொண்டுபோனோமே. பக்கத்து சீட்டு பட்டான் "க்யா ஹை பாய்?" என்று கேட்டதற்கு நீங்கள் "கறிக்கோழி" என்றீர்கள். அந்த நேரம் பார்த்து அவள் குரைத்தாள். அந்தப் பட்டான் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் தனியே சிரிப்பேன். ரூமில் ராத்திரி என் மேல் ஏறி முகத்தை நக்குவாள். "போடி கழுதை" என்று தள்ளுவேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி வருவாள். அந்த ரூமில் பன்னிரண்டு பேர் மூச்சுவிட்டோம், ஆனால் நெருக்கடியாக இருந்ததாக ஞாபகமே இல்லை. அப்போது நாம் வாடா போடா என்று இருந்தோம். உங்கள் தங்கையைக் கட்டியதும் அத்தை கூப்பிட்டு, "இனி மரியாதையாப் பேசணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கே, எப்படி என்று யோசித்து எழுதுகிறேன். இங்கே ஃபோர்மேன் வேலை என்பதால் நினைத்தபோது கிளம்ப முடியாது. இன்னொன்று: கம்பெனி தபால்பெட்டியில் கடிதங்கள் காணாமல் போகின்றன. இனி உறையில் எழுதியிருக்கும் ஹபீப் முகம்மது மளிகைக் கடை முகவரிக்கே எழுதுங்கள். நம் பக்கத்து ஆள்தான், பத்திரமாகச் சேர்ப்பார்.

தங்கள்,
விஜயபாஸ்கர்


அல் கூஸ்
20-9-2001

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம், நலமே இருக்க வேண்டுகிறேன். முதுகு பழையபடிதான், அது என்னோடு வந்தது, என்னோடு போகும்.

ஏற்பாடெல்லாம் ஆரம்பித்துவிட்டது. ஒரு வண்டியில் தண்ணீர்த் தொட்டி, ஒன்றில் கூடாரமும் விறகும். பாலைவனத்துக்கு ஏன் விறகு என்று கேட்டேன். அர்பாப் என்னைப் பார்த்த பார்வையில் இனி எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சமையலுக்கு நூஹு காக்கா வருகிறார். கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். செவலை பக்கத்தில் வந்தால் கைலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். "நாக்கு பட்டா ஏழு தடவ கழுவணும் தம்பி, ஒரு தடவ மண்ணு போட்டு. அங்க தண்ணிக்கு நா எங்க போவேன்?" என்கிறார். ஆனால் எலும்பெல்லாம் தனியே எடுத்துவைத்துத் தூரத்திலிருந்து எறிகிறவரும் அவர்தான்.

ஒரே கவலை. அர்பாப்பின் மகன் புதிதாக இரண்டு நாய் வாங்கியிருக்கிறான். இளசு, காற்றாய்ப் பறக்கின்றன. "செவலைக்கு ஆறு வயசாச்சு, ஓய்வு குடுத்துடலாம்" என்று அப்பாவிடம் ஓதிக்கொண்டிருக்கிறான். அவள் நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான். அப்புறம் உங்களை எங்கே பார்ப்பது? தினமும் விடிகாலையில் அவளை மணலில் ஓட்டுகிறேன். இருவருக்கும் மூச்சு வாங்குகிறது, யார் முதலில் உட்காருவது என்பதில்தான் போட்டி.

தம்மாமுக்கு அர்பாப் வண்டியைத் திருப்ப மாட்டார். ஹொஃபூஃபில் எங்கே நிற்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

நாகலிங்கம்


தம்மாம்
28-10-2001

அன்புள்ள மச்சானுக்கு, நலம். உங்கள் கடிதம் கைக்கு வரத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஊரில் எல்லோரும் சுகம்தானே? சங்கீதாவுக்கு நான் நன்றாக இருக்கிறேன் என்று நீங்களும் ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதினால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

இடம் யோசித்துவிட்டேன். டவுன் வேண்டாம், கூட்டம். சல்வாவிலிருந்து வரும்போது ஹொஃபூஃப் ஊருக்கு முன்னாலேயே இடதுகைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் வரும். பச்சைத் தகரக் கூரை. எல்லையிலிருந்து வருகிற வண்டி எல்லாம் அங்கே நின்றுதான் போகும். டீக்கடை அஷ்ரஃப், திரூர்க்காரர். கேட்காமலேயே இஞ்சி தட்டிப் போடுவார். பக்கத்தில் பஞ்சர் கடை. அதற்குப் பின்னால் ஒரு வேப்பமரம் நிற்கிறது, யார் வைத்ததோ. மத்தியானத்துக்கு மேல் நிழல் சுவரைத் தாண்டி விழும், செவலையை அங்கே கட்டலாம். பின்பக்கக் குழாயில் தண்ணீர் முதலில் துரு கலந்து வரும், கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்தால் நன்றாக இருக்கும். அவளுக்கு அந்தத் தண்ணீர் வையுங்கள்.

நான் அங்கே வந்து நிற்கிறேன். தேதியை மட்டும் எழுதுங்கள்.

அவளை அதிகம் ஓட்டாதீர்கள். முன்வலதுகால் சின்னதிலேயே பிசகியது. வேப்பெண்ணெய் சூடாக்கித் தடவினால் கேட்கும்.

தங்கள்,
பாஸ்கர்


அல் கூஸ்
12-11-2001

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம். நலமறிந்து மகிழ்ந்தேன்.

ஃபோர்மேன் ஐயாவுக்குப் பஞ்சர் கடைக் குழாயில் எப்போது துரு வரும், எப்போது நல்ல தண்ணீர் வரும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறதே. சைட்டுக்குப் போகிற வழியா, இல்லை அஷ்ரஃப் டீக்கு மயங்கிவிட்டீர்களா? எப்படியோ, இடம் சரி. அர்பாப்பிடம் "அங்க நல்ல டீ" என்று இப்போதே போட்டுவைத்துவிட்டேன்.

நல்ல சேதி. போன வெள்ளிக்கிழமை அல் ஐன் பக்கம் மூன்று நாயையும் ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். இளசுகள் இரண்டும் முயல் போன வழியே போய் மூச்சிரைத்து நின்றன. நம்மவள் ஓடவே இல்லை. மேட்டில் நின்று பார்த்தாள். முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவள்போலக் குறுக்கே இறங்கினாள், அவ்வளவுதான். அர்பாப் மகனைப் பார்த்து "கலாஸ்" என்றார், பேச்சு முடிந்தது. செவலை வருகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெருநாள் கழித்து இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை கிளம்பி, எல்லையில் தங்கி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு உங்கள் பங்குக்கு வந்துவிடுவோம். டிசம்பர் 28.

சங்கீதா ஒன்று கேட்டிருக்கிறாள். உங்கள் புதுப் போட்டோ ஒன்று வேண்டுமாம். ராதிகா அப்பா எது என்று கேட்டால் கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிறாளாம், அதில் மாலைதான் தெரிகிறது, முகம் தெரியவில்லையாம். நான் கேமராவோடு வருகிறேன். தலையைச் சீவிக்கொண்டு வாருங்கள்.

நாகலிங்கம்


தம்மாம்
5-12-2001

அன்புள்ள மச்சானுக்கு, நலம். உங்கள் பிரயாணம் நல்லபடியாக அமையட்டும்.

28 வெள்ளிக்கிழமை. கட்டாயம் வருவேன். ஹபீப் முகம்மது பாய் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். செவலைக்கு என்னை அடையாளம் தெரியுமா? நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், கறுத்தும் இருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

தங்கள்,
பாஸ்கர்


அல் கூஸ்
18-12-2001

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம்.

நீங்கள் எப்போது வெளுப்பாக இருந்தீர்கள், இப்போது கறுத்துப் போக? அவளுக்குத் தெரியும். உங்கள் பழைய பனியன் ஒன்று கராஜில் கிரீஸ் துடைக்கக் கிடந்தது, அதன் மேல்தான் இன்றைக்கும் படுக்கிறாள். துவைக்க எடுத்தால் உறுமுகிறாள்.

அவளுக்கு ஊசிச் சீட்டு, எல்லைச் சீட்டு எல்லாம் வந்துவிட்டது. எனக்கு விசா நேற்றுத்தான் வந்தது. நம் குடும்பத்தில் யாருக்கு மரியாதை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சங்கீதா கொடுத்தனுப்பிய மோர்மிளகாய், சுண்டவற்றல், ராதிகா போட்டோ எல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டி என் சீட்டுக்கு அடியில் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பார்ப்போம்.

நாகலிங்கம்


முகாம், ஹொஃபூஃபுக்குத் தெற்கே
2-1-2002

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்துக்குத் தம்மாம் முகவரி போடவில்லை. நூஹு காக்கா வியாழக்கிழமைதோறும் சாமான் வாங்க ஊருக்குள் போகிறார். போகிற வழியில் அஷ்ரஃபிடம் கொடுத்துவிடுவார். உங்களுக்கு நடந்துபோய் வாங்கிக்கொள்ளும் தூரம்தான்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தோம். பச்சைக் கூரை, டீக்கடை, எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருந்தது. நீங்கள் மட்டும் இல்லை. சாலையில் வருகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அர்பாப் இரண்டாவது டீயும் குடித்துவிட்டார். அஷ்ரஃபிடம் போய், "தம்மாமிலருந்து பாஸ்கர்னு ஒருத்தர் வருவாரு, வந்தா இந்தப் பொட்டலத்தக் குடுத்துருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தம்மாமீந்நோ? நம்ம பாஸ்கரன் இவிடெத்தன்னெ உண்டல்லோ. ஒரு கொல்லமாயி பஞ்சர் கடையிலா பணி" என்று கையைக் காட்டினார். ஒரு வருஷமாக இங்கேதான் வேலையாம். நான் அவர் காட்டிய பக்கம் திரும்பவில்லை. வேறு பாஸ்கராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் அர்பாப் வண்டிக்கு டயரில் காற்றுக் குறைவாக இருந்தது. வண்டியைப் பஞ்சர் கடைக்கு விட்டோம். காற்றடிக்க ஒரு வங்காளிப் பையன் வந்தான். பக்கத்தில் பெரிய லாரி ஒன்று நின்றது. அடியில் யாரோ மல்லாந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. எங்கள் வண்டி வந்து நின்றதும் அந்தப் பாதம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன.

செவலை ஜன்னல் வழியே குதித்தாள். நான் பிடிப்பதற்குள் லாரிக்கு அடியில் போய்விட்டாள். போனவள் வரவில்லை. "வா செவலை" என்றேன். அர்பாப்பும் "வா, வா" என்றார். அவள் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புழுதியை அடி அடி என்று அடித்தது. உள்ளே அவள் ஒரு அழுகைச் சத்தம் போட்டாள் பாருங்கள், குட்டியில் பாலுக்குப் போடுவாளே, அந்தச் சத்தம். ஆறு வயசுக் கிழவி அப்படி அழுது நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஒரு குரல் கேட்டது. "போடி கழுதை. போ." எழுந்து வந்துவிட்டாள். முகமெல்லாம் கிரீஸ்.

ஒரு முழம் குனிந்திருந்தால் உங்களைப் பார்த்திருப்பேன். குனியவில்லை. நீங்கள் மறைந்திருக்க, நான் எட்டிப் பார்த்தேன் என்று ஆகிவிடக் கூடாது என்று அந்த நேரத்தில் தோன்றியது. ராத்திரி கூடாரத்தில் படுத்தபோது, குனிந்திருக்க வேண்டும், காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எது சரி என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. நாய்க்குக் கூடத் தெரிந்தது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியவில்லையே என்றுதான் வருத்தம்.

வண்டியில் அர்பாப் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். செவலை முகத்தைத் தன் கந்தூராவாலேயே துடைத்தார். வெள்ளை அங்கி பாழாய்ப் போனது. பிறகு, "இவ வெளி ஆள் பக்கத்துல படுக்க மாட்டா. அது யாரு?" என்று கேட்டார். சொன்னேன். "கராஜ் பாஸ்கரா? பால் குடுத்தவனா?" என்றார். ஆமாம் என்றேன். விஷயத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. லாரிக்கு அடியில் ஒளிகிற ஆளைப் பார்த்தால் விசா கொடுத்த கபீலோடு என்ன தகராறு என்று இங்கே எல்லோருக்கும் புரியும். ஹொஃபூஃபில் அர்பாப்பின் அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், பெரிய இடம். அவர் மூலம் உங்கள் கபீலிடம் பேசி, பாஸ்போர்ட்டை வாங்கி, ஊருக்குப் போக வழி பண்ணப் பார்க்கிறேன் என்கிறார். முடியும் என்று சத்தியம் செய்யவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிட்டார். "அவன் வந்து என் முன்னால நிக்கணும். வண்டிக்கு அடியில கிடக்கிறவனுக்காக நான் யார்கிட்ட போய்ப் பேசுறது?"

ஜனவரி 25 வெள்ளிக்கிழமை இதே வழியாகத் திரும்புகிறோம். அதே நேரம், அதே இடம்.

வேட்டையைப் பற்றி ஒரு வரி. ராஜாளிகள் நன்றாகப் பிடிக்கின்றன. செவலை ஒரே ஒரு முயல் பிடித்தாள். அர்பாப் "விடு" என்றதும் விட்டுவிட்டாள், அது உயிரோடு ஓடிப்போனது. ஏன் விடச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இப்போது ராத்திரி அவர் கூடாரத்திலேயே அவளைப் படுக்க வைக்கிறார்.

சங்கீதாவுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அதை எழுத வேண்டியது நீ. போட்டோவைப் பார்த்தாயா? உன் மூக்குதான். வெளியே வாடா, பாஸ்கரு.

நாகலிங்கம்


சல்வா சாலை, பெட்ரோல் பங்க்
9-1-2002

மச்சான்,

நலம் என்று எழுதக் கை தானாகப் போனது. நிறுத்திவிட்டேன். நான் நலமாக இல்லை. ஒரு வருஷத்தில் இதை இப்போதுதான் எழுதுகிறேன். எழுதிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

கம்பெனியை மூடிவிட்டார்கள். கபீல் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வேறு எங்கேயோ அனுப்பினான், அங்கே இருக்க முடியாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஓடிப்போனவன் என்று பெயர். ரோட்டில் போலீஸ் நிற்கும், இந்தப் பங்கைத் தாண்டி எந்தப் பக்கமும் போக முடியாது. ஹபீப் பாய் கடை வண்டி வாரம் ஒருமுறை இங்கே சரக்கு இறக்கும், கடிதம் அதில்தான் போகும், வரும். அதனால்தான் இந்த இடத்தைச் சொன்னேன். அன்று காலையில் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தம்மாமிலிருந்து வந்தவனைப் போல நிற்கலாம் என்றுதான் இருந்தேன். மத்தியானம் அந்த லாரி வந்துவிட்டது, முதலாளி அடியில் போகச் சொன்னார். உங்கள் வண்டிச் சத்தம் கேட்டபோது கையெல்லாம் கிரீஸ். இந்தக் கோலத்தில் சங்கீதாவின் அண்ணன் முன்னால் எப்படி வந்து நிற்பது?

அவள் என் கழுத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள், மச்சான். போ என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. நீங்கள் குனியாமல் நின்றது எனக்குத் தெரிந்தது. உங்கள் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோவை அஷ்ரஃப் கொடுத்தார். மூக்கு என்னுடையது இல்லை, உங்களுடையது. சங்கீதாவுக்கு இன்று எழுதிவிட்டேன். இருப்பதை இருப்பதாக எழுதினேன்.

25-ஆம் தேதி எந்த லாரி வந்தாலும் தொட மாட்டேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். காலையிலேயே குளித்துவிட்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். கேமராவைக் கொண்டுவாருங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். வண்டியை நிறுத்தியதும் நீங்களும் அர்பாப்பும் இறங்குவதற்கு முன்னால் செவலையை இறக்கிவிடுங்கள். அவள் வந்து மேலே காலைப் போட்டுவிட்டால், அப்புறம் நான் எங்கும் போய் ஒளிய முடியாது.

பாஸ்கர்